கையைக் கட்டினால் நெஞ்சு தப்புமா?

17 ஜனவரி 2025, காலை 7:10
(காங்கேயம் பக்கத்து வாசகர் கேட்டது, அப்படியே)

எங்க மாமனாருக்கு 66 வயசு. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. தினமும் விடிகாலையில் மேல்கையை இறுக்கக் கட்டி 5 நிமிடம் ரத்தத்தை நிறுத்த வேண்டுமாம், 5 நிமிடம் விட வேண்டுமாம், இப்படி 4 தடவை. ஒரு மண்டலம் செய்தால் ஹார்ட் அட்டாக்கே வராதாம். பிபி மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அது தானாகக் காற்றை விட்டுவிடுகிறது என்று தூக்கி வைத்துவிட்டு, மாட்டுப் பொங்கலுக்கு வாங்கிய கன்றுக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இதில் உண்மை உண்டா, வழக்கமான புரளிதானா?

17 ஜனவரி, இரவு 9:40

முதலில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்க. மற்றதெல்லாம் அப்புறம்.

பிபி பட்டை அகலமானது, அழுத்தம் பரவி விழும். கயிறு ஒரே கோட்டில் அறுக்கும். மேல்கை எலும்பை ஒட்டி ஓடுகிற நரம்பு நசுங்கினால் மணிக்கட்டு தொங்கிப் போகும். அட்டாக்கைத் தடுக்கப் போன மனிதர் காப்பி டம்ளரைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

முழுப் புரளி என்றால் ஒரு வரியில் முடித்துவிடலாம். இது பாதி உண்மை, அதுதான் தொல்லை. நான் டாக்டர் இல்லை. பெருந்துறைப் பக்கம் 22 வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தை மட்டும் தேடித் தேடிப் படித்ததற்கு வீட்டில் ஒரு காரணம் உண்டு.

17 ஜனவரி, இரவு 11:20

தூக்கம் வரவில்லை, ஆரம்பித்துவிடுகிறேன்.

1986. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம். மரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்று மூன்று பேர். நாயின் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்றை 5 நிமிடம் அடைத்தார்கள், 5 நிமிடம் திறந்தார்கள். இப்படி 4 முறை. அதற்குப் பிறகு ஒரே மூச்சாக 40 நிமிடம் அடைத்தார்கள். இன்னொரு கூட்ட நாய்களுக்கு நேராக அந்த 40 நிமிட அடைப்பு மட்டும். கணக்குப் பார்த்தால் முதல் கூட்டம்தான் அதிக நேரம் ரத்தமில்லாமல் தவித்தது, மொத்தம் 60 நிமிடம். செத்த தசையும் அவற்றுக்குத்தான் அதிகம் இருக்க வேண்டும். அறுத்துப் பார்த்தால் சேதம் 25 சதவீதம் குறைந்திருந்தது.

இதற்கு ப்ரீகண்டிஷனிங் என்று பெயர். தமிழில் எனக்கு நானே 'முன்பதம்' என்று வைத்துக்கொண்டேன். கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

18 ஜனவரி, காலை 6:30

தப்பாக எழுதிவிட்டேன். 25 சதவீதம் குறையவில்லை, 25 சதவீதமாகக் குறைந்தது. முன்பதம் இல்லாத நாய்களில் ஆபத்திலிருந்த தசையில் சுமார் 29 சதவீதம் செத்தது. முன்பதம் பெற்றவற்றில் 7 சதவீதம்தான். முக்கால் பங்கு தப்பியது. ஈரோடு ஜவுளிச் சந்தையில் '25 சதவீதத் தள்ளுபடி'யும் '25 சதவீத விலைக்கு'ம் ஒன்றா? கல்லாவில் உட்காருகிறவன் இதில் தடுமாறக் கூடாது.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். அதே மூவர் சில நாய்களுக்கு 40 நிமிடத்துக்குப் பதிலாக 3 மணி நேரம் அடைத்துப் பார்த்தார்கள். முன்பதம் ஒன்றுக்கும் உதவவில்லை, இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி. அதாவது முன்பதம் சாவைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. அந்த இடைவெளிக்குள் குழாயை யாராவது திறந்துவிட வேண்டும்.

19 ஜனவரி, இரவு 10:05

'தடுப்பூசி மாதிரியா?' என்று ஒருவர். இல்லைங்க. தடுப்பூசி வருடக்கணக்கில் நிற்கும். முன்பதம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு ஒரு நாள் கழித்து இரண்டாம் முறை எட்டிப் பார்க்கும், இரண்டு மூன்று நாள் மெல்லிசாக நிற்கும், 1993இல் கண்டார்கள். முதல் வரவில் செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிற சரக்கே வேலை செய்கிறது. இரண்டாவதில் செல் புதிதாகப் புரதங்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு மண்டலம் செய்து வாழ்நாள் முழுக்க அனுபவிக்கிற கதையெல்லாம் இதில் எங்கேயும் இல்லை.

எனக்குப் பிடித்த உவமை நிலக்கடலைதான். விதைத்து 20, 25 நாளில் சித்த நாள் தண்ணி காட்டாமல் வாட்டினால் பூ ஒன்றாக இறங்கும். எங்கள் அப்பாரு (தாத்தா) அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். இலை மதியம் சுருங்கி, பொழுதோட நிமிர்ந்தால் இன்னும் விடலாம். காலையிலும் சுருங்கியே இருந்தால் மடையைத் திற. இதயத்துக்கும் அந்த 5 நிமிடம் மதியச் சுருக்கம், 40 நிமிடம் காலைச் சுருக்கம்.

22 ஜனவரி, இரவு 9:15

தாராபுரத்து விவசாயி ஒருவர் என் உவமையை உழுதுவிட்டார். 'கடலைக்கு வாட்டம் கொடுப்பது பூவுக்கு, வறட்சி தாங்க அல்ல. நீங்கள் சொல்லுவதற்கு நாற்றங்கால்தான் பொருத்தம்' என்கிறார். சரிதான். தக்காளி, மிளகாய் நாற்றைப் பிடுங்குவதற்கு முன் சில நாள் தண்ணியைக் குறைத்து வாட்டினால்தான் நட்ட பிறகு வெயிலைத் தாங்கும். அப்பாருவின் கணக்கு மட்டும் இருக்கட்டும், கடலையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அதே விவசாயி அடுத்த வரியில், 'வாட்டிய நாற்றை நட்டபிறகும் தண்ணி விடாவிட்டால் சாகத்தான் செய்யும்' என்று எழுதியிருந்தார். 3 மணி நேர நாய்க் கணக்கை அவர் படித்திருக்க மாட்டார்.

26 ஜனவரி, மாலை 5:50

விடுமுறை, கடையில் கூட்டமில்லை. கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

1993இல் பிர்சிக்லெங்க் என்பவரின் குழு இதயத்தின் ஒரு குழாயை விட்டு விட்டு அடைத்து, வேறொரு குழாயின் பகுதியைச் சோதித்தது. அடைபடாத பகுதிக்கும் காவல் கிடைத்திருந்தது. சேதி பக்கத்து வயலுக்குப் போகிறது என்றால் அடுத்த ஊருக்குப் போகாதா? 2002இல் லண்டனில் கர்பந்தா குழு ஆட்களின் ஒரு கையில் பட்டையை இறுக்கி மூன்று முறை முன்பதம் கொடுத்தது. பிறகு மற்றக் கையில் 20 நிமிடம் ரத்தத்தை நிறுத்திப் பார்த்தது. அந்தக் கையின் ரத்தக் குழாய்கள் கெடாமல் தப்பின. கூடவே பன்றிகளின் பின்னங்காலில் முன்பதம் கொடுத்தார்கள், இதயச் சேதம் குறைந்தது. உங்கள் மாமனாருக்கு வந்த வாட்ஸ்அப்பின் குலமூலம் இதுதான்.

சேதி எந்த வழியில் போகிறது? நரம்பு வழியாகவும் போகிறது, ரத்தத்திலும் ஏதோ போகிறது. முன்பதம் பெற்ற மனிதரின் ரத்தத்திலிருந்து வடித்தெடுத்ததைத் தனியே துடிக்கிற முயல் இதயத்தில் விட்டால் அந்த முயல் இதயமும் தாங்குகிறது. அதைப் படித்த இரவு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

30 ஜனவரி, இரவு 10:30

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகத்தான் எழுத முடியும், எனக்குத் தெரிந்ததும் அவ்வளவே.

தறி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். கரண்ட் போனதால் மோட்டார் கெடுவது குறைவு, திரும்பி வருகிற வேகத்தில் கெடுவதுதான் அதிகம். இதயத் தசையும் ஓரளவு அப்படித்தான். ரத்தம் நின்றபோது ஒரு சேதம், திடீரென்று திரும்பும்போது இன்னொரு சேதம். செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாக ஏறி, செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு துளை திறந்துகொள்ளும். திறந்தால் அந்தச் செல் கதை முடிந்தது. முன்பதம் கொடுத்தால் அடினோசின், பிராடிகைனின் போன்றவை சுரந்து, செல்லுக்குள் பல கை மாறி, கடைசியில் அந்தத் துளையைத் திறக்கவிடாமல் பிடிக்கின்றன. நடுவில் பொட்டாசியம் வாசல் ஒன்று இருக்கிறது, அது திறக்க வேண்டும்.

இங்கேதான் என் கடை உள்ளே வருகிறது. சர்க்கரைக்குக் கொடுக்கிற பழைய கிளிபென்கிளமைடு அதே வகை வாசலைக் கணையத்தில் மூடித்தான் இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. இதயத்திலும் அதை மூடிவிடும். பரிசோதனைகளில் அந்த மாத்திரை முன்பதத்தையே அழித்துவிட்டது. எதிர்ப்பக்கம் நிகோராண்டில், நெஞ்சு வலிக்குக் கொடுப்பது, அது வாசலைத் திறக்கும். ஒரே அலமாரியில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன பல வருடம். ஒருவன் கதவைச் சாத்துகிறான், ஒருவன் திறக்கிறான், நடுவில் நான் பில் போடுகிறேன்.

(இதைப் படித்துவிட்டு யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். நாளைக் காலை கடைக்கு வந்து என்னிடம் சண்டை போடுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.)

2 பிப்ரவரி, இரவு 11:00

ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் பிரச்சாரம், சரக்கு எடுக்கப் போன இடத்தில் ஒலிபெருக்கி காதைக் கிழித்துவிட்டது. தலைவலியோடு எழுதுகிறேன், கோபமும் கொஞ்சம் இருக்கும்.

நாய், பன்றி, முயல், எலி எல்லாவற்றிலும் வேலை செய்தது. மனிதர்களில் சின்னச் சின்ன ஆய்வுகளிலும் நன்றாகவே வந்தது. 2007இல் பைபாஸ் அறுவைக்கு முன் கையில் பட்டை கட்டிப் பார்த்த 57 பேர் ஆய்வில், கட்டியவர்களுக்கு இதயச் சேதத்தைக் காட்டுகிற டிரோபோனின் 43 சதவீதம் குறைந்தது. 2010இல் டென்மார்க்கில் ஆம்புலன்ஸிலேயே கட்டினார்கள், கூடுதல் தசை தப்பியது. விலை இல்லை, பக்கவிளைவு இல்லை, ஒரு பிபி பட்டை போதும். நம் நாட்டுக்கே செய்தது போல இருந்தது. நானும் துள்ளினேன்.

அப்புறம் பெரிய ஆய்வுகள் வந்தன. 2015இல் பைபாஸ் உள்ளிட்ட இதய அறுவை நோயாளிகளில் இரண்டு: பிரிட்டனில் 1,612 பேர், ஜெர்மனியில் 1,403 பேர். பலன் இல்லை. 2019இல் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைக்கப் போகிறவர்கள் 5,401 பேர், பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா. ஒரு வருடத்தில் இதயச் சாவு அல்லது இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரிச் சேர்க்கை: கட்டாதவர்களில் 8.6 சதவீதம், கட்டியவர்களில் 9.4. பலன் இல்லை என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஏன் என்று ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். அறுவையில் கொடுக்கிற மயக்க மருந்து புரோபோஃபால் கெடுத்துவிட்டது என்று ஒன்று. எனக்கு ஏற்கத் தோன்றுவது வேறு. ஆய்வகத்து நாய் இளசு, அதற்குச் சர்க்கரை கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு 60 வயசு, சர்க்கரை, பிரஷர், நாலைந்து மாத்திரை. பாதிப் பேருக்கு நெஞ்சு முன்பே வலித்து வலித்துத் தானாகவே முன்பதம் ஏறியிருக்கும். பதம் வந்த பாகை மறுபடி காய்ச்சினால்?

4 பிப்ரவரி, காலை 7:00

'பாதிப் பேருக்கு' என்றது வாய்க்கு வந்த கணக்கு, பலருக்கு என்று படித்துக்கொள்ளுங்கள். மூளைப் பக்கவாதத்தில் சீனாவில் 2022இல் பலன் தெரிந்ததே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மை. நல்லபடி தேறியவர்கள் 62 சதவீதத்துக்கு 67.4. அடுத்த வருடமே டென்மார்க் ஆய்வு ஒன்றுமில்லை என்றது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை, நான் அதற்குள் போகப் போவதில்லை.

6 பிப்ரவரி, இரவு 11:45

வீட்டில் ஒரு காரணம் என்றேனே.

எங்கள் அய்யன் (அப்பா) செவ்வாய்க்கிழமை தோறும் சென்னிமலை படியேறுவார். 1,320 படி. 2018இல் ஒரு நாள், 'ஏறயில நெஞ்சுல ஒரு பிடிப்பு வருது சாமி, மண்டபத்துல சித்த உக்காந்தா போயிருது, மறுக்கா ஏறுனா வாரதில்ல' என்றார். கல்லாவில் உட்கார்ந்திருந்த நான், வாய்வுங்கய்யா என்றேன். வயிற்று அமிலத்துக்கான பான்டாப்ரசோல் ஒரு அட்டை கொடுத்தேன். மூன்று மாதம். ஒவ்வொரு செவ்வாயும் அதே மண்டபம், அதே பிடிப்பு, உட்கார்ந்து எழுந்தால் சரி.

முதல் நடையில் வலி, ஓய்வுக்குப் பிறகு அதே நடையில் வலி இல்லை. இது டாக்டர்கள் இருநூறு வருடத்துக்கு மேலாக அறிந்த விஷயம் என்று பிறகுதான் படித்தேன். நெஞ்சு வலிக்கு ஆஞ்சினா என்று பெயர் வைத்த ஹெபர்டன், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்தே கிட்டத்தட்டக் குணமான ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். மரம் அறுத்தவர் கதை உடற்பயிற்சிக் கணக்கில்தான் சேரும் என்று இப்போது நினைக்கிறேன். அய்யனின் மண்டபம்தான் அசல் முன்பதத்துக்குக் கிட்டத்தில் வருகிறது.

ஒரு விடிகாலை, வாய்க்கால் முறைத் தண்ணி பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தூக்கி வந்து ஓம வாட்டர், சோடா. நான்தான் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் அதில் போனது. பிறகு வேர்த்துக் கொட்டியதைப் பார்த்துப் பயந்து வண்டியில் ஏற்றினோம். முதல் ஆஸ்பத்திரியில் கட்டியைக் கரைக்கிற ஊசி, அடுத்த நாள் கோவையில் ஸ்டென்ட். அங்கே எக்கோ பார்த்த டாக்டர், 'பம்பிங் 48 சதவீதம் இருக்குது, எதிர்பார்த்ததை விடப் பரவாயில்லை. முன்னாடி வலி வந்துட்டுப் போயிருக்கா?' என்றார். வந்ததுங்க என்றேன். 'அது கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்' என்றுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும் படித்தேன். நான் கவனிக்காமல் விட்ட வலிதான் அவரைக் காப்பாற்றியது என்றால் எனக்கு எவ்வளவு வசதி!

7 பிப்ரவரி, விடிகாலை 5:10

வசதி நிற்கவில்லை. அட்டாக்குக்கு முந்தைய ஒன்றிரண்டு நாளில் வலி வந்தவர்களுக்குத் தசைச் சேதம் குறைவு என்று 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள். மூன்று மாதத்துச் செவ்வாய்களை அதில் சேர்க்க முடியாது. அவர் விழுந்தது வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மாலை வாழைத்தார் தூக்கும்போது சித்த வலித்ததாம், எங்களிடம் சொல்லவில்லை. அதுவாக இருக்கலாம். ஆனால் வயதானவர்களில் இந்தக் காவல் மங்கிவிடும் என்றும் படித்தேன். அவருக்கு அப்போது 67. கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த டாக்டரின் 'லாம்' என்ற விகுதியில்தான் நான் ஏழு வருடமாகக் குடியிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்பே ஒரு ஈசிஜி, ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்திருந்தால் கணக்கே வேறு. அந்த ஒன்றரை மணி நேரமும் அப்படித்தான். கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் முன்னின்று நடத்திய தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸோடு ஒரே வலையில் கோத்தார்கள். 2,420 நோயாளிகள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2ஆகக் குறைந்தார்கள். கையில் பட்டை கட்டிப் பார்த்த 5,401 பேர் ஆய்வில் கிடைக்காத பலன் இது. 2023லிருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் முதல் டோஸ் வைத்திருக்கிறார்கள். கொடுத்து ஏற்றி அனுப்புவார்கள். எங்கள் ஊர் துணை நிலையம் கடையிலிருந்து 400 அடி. இப்போதெல்லாம் 'கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க, நெஞ்சு அடைக்குது' என்று வருகிறவரிடம் முதலில் வயசு கேட்கிறேன், அப்புறம் அந்தப் பக்கம் கை காட்டுகிறேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு.

9 பிப்ரவரி, இரவு 8:30

கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். மாமனாரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினாராம். நாய்க் கதைக்கு அசையவில்லை, 5,401 பேருக்கும் அசையவில்லை. 'உங்களுக்கு எதுக்கு மாமா திடீர்னு அட்டாக் பயம்?' என்று கேட்டபோதுதான், தோட்டத்து மேட்டில் ஏறும்போது இடது கை கடுக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்று வாயைத் திறந்திருக்கிறார். இரண்டு மாதமாம்.

வியாழக்கிழமை டிரெட்மில் டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கியிருக்கிறார்கள். வியாழன் வரை காத்திருக்காதீர்கள், நாளையே ஈசிஜி எடுத்து டாக்டரைப் பாருங்கள், நின்றும் போகாத வலி என்றால் உடனே 108 என்று தனியாக எழுதியிருக்கிறேன். கயிறு கன்றின் கழுத்துக்குப் போய்விட்டது.

12 பிப்ரவரி, காலை 6:50

நேற்றுத் தைப்பூசம். அய்யனைப் படியேறக் கூடாது என்று சொல்லி, மலைப் பாதையில் கோயில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கடையில் கூட்டம், கூடப் போகவில்லை. பொழுதோட வீட்டுக்கு வந்தவரின் முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லையாம், 1,320 படியும் இறங்கியே வந்திருக்கிறார். சத்தம் போட்டேன்.

'ஏறக் கூடாதுன்னுதானே சொன்ன கண்ணு' என்கிறார்.